அந்த நிலாவை வரைந்தது நான்

மதுரையிலிருந்து இலங்கைக்குச் சுற்றுலா போனபோது, மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் பத்திக் துணி செய்யும் இடத்தைப் பார்க்க இறங்கினோம். வசந்தி என்பவர் வெள்ளைத் துணியில் உருக்கிய மெழுகால் யானைக் கூட்டம் வரைந்துகொண்டிருந்தார். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது என்று விளக்கினார். நான் தமிழில் பேசியதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"நான் எல்கடுவ தேயிலத் தோட்டங்க. எங்க ஆளுங்களும் ஒங்க பக்கத்துலருந்து வந்தவங்கதான்."

நானும் ஒரு கோடு போடுகிறேனே என்று கெஞ்சினேன்.

"வெளியாளுங்க கையில குடுக்கக் கூடாதுங்க" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டு மெழுகுப் பேனாவைக் கொடுத்தார். அதைத் துணிக்கு மேலே பிடித்துக்கொண்டு செல்ஃபிக்குச் சிரித்தேன். மெழுகு கொட்டி, யானைகளுக்கு மேலே வட்டமாகப் பரவிவிட்டது.

மேற்பார்வை பார்க்கும் அம்மா வந்துவிட்டார். "யாரு செஞ்ச வேல இது?"

வசந்தி என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியைப் பார்த்தேன்.

"நான்தாங்க. கை தவறிருச்சு."

"நாளையிலருந்து வர வேணாம்."

கொட்டியது நான்தான் என்று சொன்னாலும் பேனாவைக் கொடுத்த குற்றம் அவர்மேல்தானே விழும் என்று அங்கேயே ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்துத் திரும்பும் வழியில், அதே துணி நீலச் சாயமேறி விற்பனைக்குத் தொங்கியது. பழுது இருக்கிறதே என்று பேரம் பேசி வாங்கினேன்.

இப்போது அது எங்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் யானைகளை விட்டுவிட்டு, மேலே இருக்கும் அந்த வெள்ளை நிலாவைத்தான் புகழ்கிறார்கள். யார் வரைந்தது என்று கேட்டால் வசந்தி என்பேன்.

அன்று அவரும் அதைத்தானே சொன்னார்.