எட்டாம் நம்பர் சர்வர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது, ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள் நான். இப்போது நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், பரவாயில்லை, ஆனால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. மூன்றாம் மாடியில் சர்வர் ரூம். நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் ஆஸ்பத்திரிக்கே சொந்தமான கிளவுடில் இருக்கிறது என்பார்கள், நான் என்னவோ வானத்தில் என்று நினைத்திருந்தேன், போய்ப் பார்த்தால் இரும்பு அலமாரியில் எட்டுப் பெட்டி! ஒன்றிலிருந்து ஏழு வரை நம்பர், அப்புறம் ஒன்பது. எட்டு ராசியில்லை. எட்டாம் நம்பர் ஒட்டியிருந்த பழைய சர்வர் இரண்டு தடவை படுத்துக்கொண்டதும் அதைக் கழற்றி அடித்தட்டில் தள்ளிவிட்டு, புதிதாக வந்ததற்கு ஒன்பது என்று ஒட்டிவிட்டார்கள். பழையதின் ஒயரைச் சுருட்டி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டியவள் நான்தான்.

சுமதி என்று மார்டள்ளி கிராமத்துப் பெண், இன்ஜினியர், சேர்ந்து இரண்டு மாதம்தான். சாஃப்ட்வேருக்கு ஒட்டுப் போடுகிற வேலை, பேட்ச் என்பார்கள், அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளிடம் கொடுத்தார்கள். அந்த ரூமில் யாரும் தனியாக இருக்கக் கூடாது என்பது சட்டம், அதனால் துணைக்கு நான்.

"நீங்க சும்மா உக்காருங்கம்மா, பச்சை லைட்டு வந்தாச் சொல்லுங்க, போதும்."

முதலில் எல்லாவற்றுக்கும் பேக்கப் எடுத்தாள், ஏதாவது கெட்டால் பழையபடி ஆக்கிக்கொள்ள. எட்டு சர்வர் என்று சொல்லியிருந்தார்களா, அவளும் ஒன்றிலிருந்து எட்டு வரை என்று அடித்துவிட்டாள். எட்டுக்கும் பச்சை டிக் விழுந்தது. என்னிடமும் காட்டினாள். எனக்கும் உறைக்கவில்லை, பாருங்கள்!

ஒவ்வொன்றாகப் பேட்ச் போட்டு, அணைத்து, திரும்ப எழுப்பினாள். ஏழு வரைக்கும் "பச்சை, பச்சை" என்று கத்தினேன், என் கூச்சமெல்லாம் எங்கே போனதோ. ஒன்பது எழுந்திருக்கவில்லை. சிவப்பு. மறுபடியும் சிவப்பு. மறுநாள் காலை ஆபரேஷனுக்கு இருப்பவர்களின் ரிப்போர்ட் அத்தனையும் அதில்தான்.

"அதான் பேக்கப் இருக்குதே கண்ணு," என்றேன்.

பட்டியலைத் திறந்தவள் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ தேவரே! ஒன்பதே இல்லீங்கம்மா, எட்டுன்னு போட்டுட்டேன். என்னை நாளைக்கே ஊருக்கு பஸ் ஏத்திருவாங்க, அது கெடக்குது, காலையில டேபிள்ல படுக்கறவங்க கதி?"

"இல்லாத எட்டுக்கு எப்படிம்மா டிக் வந்துச்சு?"

அவள் அந்த எட்டாம் நம்பர் பேக்கப்பைத் திறந்தாள். நம்பினால் நம்புங்கள், ஒன்பதில் இருந்த அத்தனையும் உள்ளே இருந்தது, அன்று காலை எடுத்த ஸ்கேன் உட்பட! அதை வைத்து ஒன்பதை எழுப்பினாள். பச்சை! இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம், இந்த வயதில் நான்!

குதித்து முடித்த பிறகுதான் இருவரும் அடித்தட்டைப் பார்த்தோம். ஒயர் அதே ஆணியில், நான் போட்ட முடிச்சோடு. சுமதி குனிந்து அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தாள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்கம்மா."

இப்போதெல்லாம் ஒன்று முதல் ஏழு, அப்புறம் ஒன்பது என்று பார்த்துப் பார்த்து அடிக்கிறாள். பட்டியலில் எட்டு வருவதில்லை. ஆனால் பேட்ச் போட்ட நாள் சாயங்காலம் துடைக்கப் போனால் அடித்தட்டுப் பெட்டி இன்னும் சுடுகிறது, இப்போதுதான் யாரோ வேலை முடித்து எழுந்துபோன மாதிரி.

நம்பரையெல்லாம் சரியாக எழுதினேனா தெரியவில்லை. இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சுமதியிடம் கேட்டுச் சரிபாருங்கள். முடிந்தால் அந்த ஒயரையும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்.