ரஷீதா மிஸ்ஸின் கைப்பையில் இருந்த ஊசி

கடந்த சனிக்கிழமை மத்தியானம், ஐஸ் கட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்த நேரம் நிலாவெளியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழுதார். "அண்ணா, மிஸ் போயிட்டா. ஆஸ்பத்திரி வாசலிலயே மூச்சு நிண்டிட்டு." பதினெட்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த கிண்ணியாவைச் சேர்ந்த ரஷீதா மிஸ் இனி வரமாட்டார் என்று லொறிக்காரரிடம் சொல்லிவிட்டு ஐஸ் ஏற்றுவதை நிறுத்தினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். துறைமுகத்தை அண்டிய எங்கள் ஐஸ் தொழிற்சாலையில் அவர் எழுதுவினைஞர். இறால் அவருக்கு ஆகாது. சொறிவதோடு போகிற சங்கதி இல்லை. தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும்போது, அவர் ஒரு மூலையில் தன் சோற்றுப் பெட்டியைத் திறப்பார். பெருமைக்காரி என்று சொந்தக்காரரே கதைத்தார்கள்.

நாங்கள் மட்டும் திறமோ? உடம்புக்கு ஒத்துவராத எந்தச் சாப்பாட்டையும் 'கிரந்தி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். உள்ளிப்பூண்டும் மஞ்சளும் கூடப் போட்டால் கிரந்தி முறிந்துவிடும் என்பது எங்கள் குசினிகளின் தீர்ப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இறால் போடவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லி மிஸ்ஸுக்கு ஒரு சம்பல் கொண்டுபோனேன். என் முகம் வாடக்கூடாதென்று ஒரு வாய் வைத்தார். ருசிக்காகக் காய்ந்த கூனி இறாலை இடித்துப் போட்டு, கிரந்தி முறிய உள்ளியும் சேர்த்திருந்தார் மனைவி. உதடு வீங்க வீங்க, மிஸ் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் ஊசியை எடுத்துத் தன் தொடையில் தானே போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் சொன்னார்: "தம்பி, வைஃப ஏசாதீங்க. கூனியும் இறால்தானெண்டு உங்களுக்கே நினைவு வரல்லயே."

அதன் பிறகுதான் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி, தாய்மார் கூட்டங்களிலும் ஹோட்டல் குசினிகளிலும் பேசத் தொடங்கினார். "இது கிரந்தியில்ல, உள்ளிக்கு முறியாது. மூச்சு இழுத்தா ஊசி முதல், ஆஸ்பத்திரி ரெண்டாவது. பயந்து நிண்டீங்களெண்டா நான் மவுத்து." சிரித்தவர்களே அதிகம். என்னைத் தோடம்பழத்தில் ஊசி குத்திப் பழக வைத்து, "தம்பி பாஸ்" என்றார்.

கடந்த சனிக்கிழமை நிலாவெளியில் ஒரு வீட்டில் கூட்டம். அந்தப் பெண்கள் அவர் சொன்னதை நம்பியவர்கள். அவருக்கென்றே புதுச் சட்டி வாங்கி, புது எண்ணெயில் பருப்பு வடை சுட்டார்கள். தனக்காக ஒரு குசினி இவ்வளவு பாடுபட்டதே என்று மிஸ் கண்கலங்கிச் சாப்பிட்டாராம். பருப்பை அரைத்த கிரைண்டரில் காலையில் கூனிச் சம்பல் அரைத்திருந்தார்கள். கழுவித்தான் இருந்தார்கள்.

அந்த வீட்டிலிருந்து எனக்கு முதலில் வேறோர் அழைப்பு வந்தது. "அண்ணா, மிஸ்ஸுக்கு மூச்சு இழுக்குது. கை நடுங்குது, அவவால ஏலாது. பேக்கைக் காட்டுறா. ஊசியை நான் போடட்டோ?"

தோடம்பழத்தில் பாஸான நான் சொன்னேன்: "நீங்க போடாதேங்கோ, ஏதும் பிழைச்சிடும். கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

ஊசி பையிலேயே கிடந்தது.

ஜனாஸா அடக்கத்தன்று அவருடைய தம்பி என்னைக் கட்டிப்பிடித்து, "ராத்தாக்கு நீங்கதான் பெரிய துணை" என்றார். அங்கே சொல்லத் துணியாததை இங்கே எழுதுகிறேன், அவரும் வாசிக்கட்டும்.

கிரைண்டரை நினைத்து அந்தப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்களாம். வரும் சனிக்கிழமை அவர்களிடம் போகிறேன். ஊசியைப் போடட்டோ என்று கேட்ட அந்தத் தங்கச்சி கேட்டது சரி, மறித்த நான்தான் பிழை என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். உங்கள் பாடத்தை உங்கள் உயிரைக் கொடுத்துத்தான் படித்தேன், மிஸ். போய் வாருங்கள்.