மூலையில் நிற்கும் வண்டிகள்

குவாட் கெங்கைத் தெரியாதவர்கள் அவளைக் கருமி என்பார்கள். கருமியெல்லாம் இல்லை. யாரையும் நம்பமாட்டாள், அவ்வளவுதான். மலேசியாவில் புக்கிட் மின்யாக்கில் இருக்கும் என் சாப்பாட்டுக் கடையில் வருஷக்கணக்காக மீ கோரெங், அதாவது வறுத்த நூடுல்ஸ், சாப்பிடுகிறாள். இன்றைக்கும் நான் எண்ணெய் ஊற்றும்போது எட்டிப் பார்ப்பாள்.

சின்ன வயதில் பக்கத்து ஊரான பிறையில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கி இடுப்பு ஒடிந்தவள். ஆளுக்குப் பதிலாக வண்டி தூக்கட்டும் என்று கம்ப்யூட்டர் படித்த நோர்லியா என்ற மலாய்ப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டு தன் பேரில் கம்பெனி ஆரம்பித்தாள். தட்டையான வண்டி அது. அலமாரிக்கு அடியில் புகுந்து, அதை அப்படியே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வந்துவிடும். அதன் வயிற்றில் ஒரு கேமரா. தரையில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட ஸ்டிக்கரைப் படித்துத்தான் தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். இரும்பு வேலை குவாட் கெங்குடையது. வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் ஓட வைக்கும் மூளை நோர்லியா எழுதியது. அவள் இல்லாவிட்டால் அவை வெறும் தகரம்.

ஒரு கடைவீட்டில் அரை டஜன் வண்டிகளோடு இருந்தவர்களை ஒரு செருப்புக் கம்பெனி கூப்பிட்டது. எங்கள் பெரிய கிடங்கில் ஓட்டிக் காட்டுங்கள், ஒழுங்காக ஓடினால் நாடு முழுக்க இருக்கும் எங்கள் கிடங்குகளெல்லாம் உங்களுக்கே என்றார்கள். நாற்பது வண்டி இறக்கினார்கள். முதலில் நன்றாகத்தான் ஓடின. பிறகு நான்கு மூலைகளில் மட்டும், கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன.

சக்கரத்தில் குறையில்லை. நோர்லியாவின் புரோகிராமிலும் குறையில்லை. அப்படியென்றால் யாரோ செய்கிறார்கள் என்று குவாட் கெங் முடிவுகட்டினாள். போட்டிக் கம்பெனியின் நீலச் சட்டைக்காரன் ஒருவனோடு நோர்லியா என் கடையில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

“என்ன பேசினாங்க?” என்று என்னைக் குடைந்தாள்.

“நான் வாணலியப் பாப்பேனா, அவங்க வாயப் பாப்பேனா? அவகிட்டயே கேளு.”

“கேட்டா பொய் சொல்லுவா.”

“அப்ப நான் மட்டும் நெசம் சொல்லுவேனா?”

அதற்கு என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் நோர்லியாவுக்குக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

“அக்கா, என் பாஸ்வேர்ட நீங்களா மாத்தினீங்க?”

“நடுவுல நிக்காத வண்டி மூலையில மட்டும் நிக்குது. யாரோ அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

நோர்லியா கம்ப்யூட்டரை மூடினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பையை எடுத்தாள், போய்விட்டாள். வண்டிகள் மட்டும் நின்றபடியே இருந்தன. இந்த வாரத்துக்குள் சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் எடுத்துப் போ என்றார் செருப்புக் கம்பெனி மேனேஜர்.

குவாட் கெங் டார்ச்சை எடுத்துக்கொண்டு மூலையில் குப்புறப் படுத்துப் பார்த்தாள். ஸ்டிக்கரின் மேல் வெள்ளையாகப் படலம். நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். உப்பு.

அவள் போட்ட உப்புதான். அவளுடைய சீன வழக்கப்படி, புது இடத்துக்குப் போனால் கெட்டது அண்டாமலிருக்க மூலைக்கு மூலை உப்பும் அரிசியும் தூவ வேண்டும். கடைவீட்டில் முதலில் தூவிப் பெருக்கி, பிறகுதான் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இங்கே செருப்புக் கம்பெனிக்கு அவசரம், ஸ்டிக்கர் முந்திக்கொண்டது. படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் இவள் தனியாகத் தூவியிருக்கிறாள். அரிசியைப் பெருக்கி எடுத்துவிட்டார்கள். உப்பு எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கரைந்து ஸ்டிக்கரில் படிந்து, கேமராவுக்குக் கட்டம் தெரியாமல் மறைத்துவிட்டது.

ஈரத்துணியால் துடைத்ததும் வண்டிகள் ஓடின. ஆனால் மற்ற கிடங்குகளுக்கு நோர்லியா வேண்டுமே. குவாட் கெங் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“உப்புதான்,” என்றாள். “நான் போட்டது.”

“என்கிட்ட சொல்லியிருந்தா ஸ்டிக்கர் ஒட்டறத ஒருநாள் தள்ளி வெச்சிருப்பேனே. நான் என்ன சிரிக்கவா போறேன்?”

“சிரிப்பே.”

“சரி, கொஞ்சம் சிரிச்சிருப்பேன்.”

“அந்த நீலச் சட்டை?” என்று அப்போதும் கேட்டாளே. நான் அவள் விலாவில் இடித்தேன்.

“வேலைக்குக் கூப்பிட்டான், மாட்டேன்னுட்டேன். நேத்து மறுபடியும் கூப்பிட்டான். இன்னும் பதில் சொல்லல.”

“திரும்பி வா.”

“வரேன். கம்பெனியில பாதிய என் பேருக்கு எழுதுங்க. நான் உள்ள வரலாமா கூடாதான்னு இனிமே நீங்க ஒருத்தரே முடிவு பண்ண முடியாது.”

குவாட் கெங்கின் கண் சுருங்கியது. “இதுக்குத்தான் காத்துட்டிருந்தியா?”

“ஆமா. கேக்க வாய் வராம இருந்துச்சு. நீங்கதான் வரவெச்சீங்க.”

எழுதிக் கொடுத்தாள். இப்போது வடக்கே கெடாவிலிருந்து தெற்கே ஜொகூர் வரை அவர்கள் வண்டிகள்தான் ஓடுகின்றன. பாதி கொடுத்தது நியாயம் என்று நான் அடித்துச் சொல்கிறேன். “அவ முன்னாடியே திட்டம் போட்டுட்டா,” என்று இவள் இன்னும் முனகுகிறாள். திட்டம் போடத் தெரியாதவளிடம் கொடுத்திருந்தால் கம்பெனி எப்போதோ மூழ்கியிருக்கும் என்று நான் சொன்னால், தட்டிலிருக்கும் மீயைக் கிளறுகிறாள். ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை.