சோதனைக் கடிதம்

ஆனைமலையில் எங்கள் வீட்டு இணைய இணைப்பு மழை வந்தால் போய்விடும். அவ்வேளையில் எழுதும் மின்னஞ்சல்களைக் கணினியே சேர்த்துவைத்து, இணைப்பு மீண்டதும் அனுப்புமாறு சிறியதோர் அஞ்சல் சர்வரை அமைத்துத் தரக் கோவையிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த மீசை, மடிப்புக் கலையாத சட்டை. விசைப்பலகையைத் துடைக்காமல் தொடமாட்டார்.

வேலை முடிந்ததும் சோதனைக்காக ஒரு கடிதம் எழுதினார்: "இன்னைக்கும் ஒண்ணு செஞ்சு முடிச்சுப்போட்டனுங்க."

"யாருக்கு?" என்றேன்.

"பழைய மொதலாளிக்குங்கய்யா. சர்வர் போடற வேலையெல்லாம் உனக்கு ஆகாதுன்னு நாலு பேரு முன்னால வெளிய அனுப்பினாருங்க. எந்த ஊட்டுல போட்டாலும் மொதக் கடுதாசி அவருக்குத்தானுங்க."

"பதில் எழுதுவாரா?"

"ஒருக்கா எழுதினாருங்க, நிறுத்திப்போடுன்னு." அப்போதுதான் சிரித்தார். "அன்னையிலிருந்து இந்த வேலையில சலிப்பே தெரியறதில்லீங்க."

கடிதம் புறப்படுமுன் மழை பிடித்து இணைப்பு அறுந்தது. "லைன் வந்தாத் தானாப் போயிருமுங்க. அழிச்சுப்போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்துக்குப் போனார்.

சினம் தவிர்க்குமாறு வாழ்நாளெல்லாம் வகுப்பில் சொல்லிவந்தவன் நான். ஆயினும் மழை விட்டு, அக்கடிதம் அனுப்பக் காத்திருக்கும் வரிசையிலிருந்து புறப்பட்டு மறையும் வரையில், திரையின் முன்னேயே காவலிருந்தேன்.