இரண்டு பேருக்கும் துணைக்குப் போனவள்

சங்கராபுரத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் ஓர் ஊர். அங்கே சாமை அரைக்கும் சின்ன மில்லை எங்கள் அமைப்பு தொடங்கியபோது, மனநல ஆலோசகர் என்று என்னைப் போட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து சாமை மூட்டை வரும். உமி நீக்கி, புடைத்து, பாக்கெட் போட்டு விற்க வேண்டும். வேலைக்கு ஊர்த் தெருவிலிருந்து பாதிப் பெண்கள், காலனியிலிருந்து பாதி. அதற்கு முந்தைய வருஷம் திருவிழா தகராறில் காலனியில் சில வீடுகள் எரிந்திருந்தன. சேர்ந்து உழைத்தால் பகை ஆறும், வருமானமும் வரும், நடுவில் நான் மனசைப் பார்த்துக்கொள்வேன் என்பது திட்டம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

என் பேரைக் கேட்டதுமே நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்று தெரிந்துவிடும். ஊர்த் தெருவில் அதை வைத்தே என்னை ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். காலனியிலோ, ஆபீஸ்காரி என்று வேறு பக்கம் வைத்தார்கள்.

வாரம் ஒருநாள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். எழுந்துபோய் முறத்தைக் கையில் எடுத்ததும் முட்டிவலி, ரேஷன் பாமாயில், மருமகள் என்று பேச்சு தானாக வரும். இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

அவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருத்தி காலனிக்காரி. அவள் வீடு எரிந்துபோனது. கூட்டமாக ஆண்கள் பேசும் சத்தம் கேட்டாலே அவள் கை நடுங்கும். இன்னொருத்தி ஊர்த் தெருக்காரி, கொஞ்சம் வயதானவள். தீ வைத்ததாகச் சொல்லப்பட்டவர்களில் அவள் மகனும் ஒருவன். ஜாமீனில் வந்து திருப்பூரில் வேலை பார்த்தான். இவளுக்குச் சோறு இறங்குவதில்லை, நெஞ்சு படபடக்கும். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். மில்லில் பக்கத்துப் பக்கத்தில் புடைப்பார்கள். ஆனால் ஒருத்தியை ஒருத்தி அக்கா, தங்கச்சி என்று எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "இந்தா", "அத நவுத்து" என்பதோடு சரி.

கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வழக்கு விசாரணைக்கு வந்தது. காலனிக்காரி முக்கியமான சாட்சி. கூட வரச் சொல்லி என்னைக் கேட்டாள். சரி என்றேன். மறுநாள் மற்றவளும் வந்து அதையே கேட்டாள். அவளிடமும் சரி என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்வது? மேலதிகாரிக்குப் போன் போட்டேன். நடுநிலை கெட்டுவிடும், போகாதீர்கள் என்றார். போகாமல் இருப்பது மட்டும் நடுநிலையா என்று கேட்க நினைத்தேன். போனை வைத்துவிட்டு பஸ் நேரம் விசாரித்தேன்.

காலையில் இருந்தது ஒரே பஸ். சாட்சி முன்னால் உட்கார்ந்தாள், அந்தப் பையனின் அம்மா பின்னால். சீட் காலியாக இருந்தும் நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனேன்.

கோர்ட் வராந்தாவில் ஆண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். காலனிக்காரியை மூச்சை மெதுவாக இழுத்துவிடச் சொன்னேன். தூணோரம் நின்ற பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அதுக்கு மாத்திர எதுனா குடுத்தியா? இல்லாட்டி உள்ள போயி வுழுந்துடும்" என்றாள். அவள் விழுந்தால் இவள் மகனுக்குத்தானே நல்லது. எதற்காகக் கேட்டாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளே சாட்சி தடுமாறாமல் சொன்னாள். மண்ணெண்ணெய் டின்னோடு வந்தவர்களில் அவனும் இருந்தான் என்று கை நீட்டிக் காட்டினாள். அதோடு நிறுத்தவில்லை. கொட்டாயில் தீப்பிடித்தபோது கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துவிட்டதும் அவன்தான் என்றாள். இரண்டு பக்க வக்கீல்களும் தாளைப் புரட்டினார்கள். போலீஸிடம் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை, என்னிடமும் சொன்னதில்லை.

வெளியே வந்ததும் ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"டின்னு எடுத்துக்கினு வந்தத பாத்தேன், ஆட்ட அவுத்து வுட்டதையும் பாத்தேன். ஒண்ண மட்டும் எப்டி சொல்றது?"

அந்த வாரமே காலனி ஆண்கள் என்னை நிறுத்தி, ஆட்டுக் கதையைச் சொல்லிக்கொடுத்து கேஸைக் கெடுத்தது நீதான் என்றார்கள். ஊர்த் தெருவிலோ, அவளைத் தைரியப்படுத்திச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது நான்தான் என்றார்கள். பயப்படாமல் பார்த்ததைப் பார்த்தபடி சொல் என்று நான் அவளுக்குச் சொன்னது உண்மைதான். அப்படியானால் இரண்டு பேர் சொன்னதும் சரிதானா?

பையனின் அம்மா வேலைக்கு வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலையில் வந்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் புடைத்த பிறகு, தலையைத் தூக்காமல், "எந்த ஆடு?" என்று கேட்டாள்.

"கருப்பு. செனையா இருந்துச்சே, அதான் மொதல்ல. அப்பறம் குட்டிங்க," என்றாள் காலனிக்காரி, புடைப்பதை நிறுத்தாமல்.

பையனின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சமாதானம் வந்துவிட்டது என்று மேலதிகாரி சந்தோஷப்பட்டார். பொங்கலுக்கு ஊருக்கு வந்த மகன், அம்மாவைக் கூட்டிப்போக ஒரு சாயங்காலம் மில்லுக்கு பைக்கில் வந்தான். உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றான். காலனிக்காரியின் முறத்திலிருந்து சாமை தரையெல்லாம் கொட்டியது. இருவருக்கும் ஷிப்டை மாற்றிவிடலாம் என்று சொன்னேன்.

"ஒண்ணும் மாத்த வாணாம்," என்றாள் கொட்டியதை அள்ளிக்கொண்டே. "அது வேலைக்கி வரட்டும். அவன் அங்க ரோட்டுலயே நிக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். புரிந்துதான் ஆட்டினேனா என்று தெரியவில்லை.