கழுத்தில்லாத நானா

போன சனிக்கிழமை நான் ஒரு மனிதரின் கழுத்தை நெரித்தேன். பதறாதீர்கள்... அவர் சம்மதத்தோடுதான். அன்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். காற்றடித்தால் குடையோடு சேர்ந்து நானும் போய்விடுகிற உடம்பு. அப்படிப்பட்டவன் ஜூடோ படிக்கிறேன் — கண்டி நகருக்குள் ஒரு பழைய மண்டபத்தில், சனிக்கிழமை பின்னேரங்களில். வழியில் பை சோதிக்கும் ஆமிக்காரன் என் வெள்ளை உடுப்பைப் பிரித்துப் பார்ப்பான். என்னைப் பார்ப்பான். திரும்பவும் உடுப்பைப் பார்ப்பான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டுவான். என்னால் நாட்டின் பாதுகாப்புக்கு எந்த ஆபத்தும் வராது என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை!

மெலிந்தவனுக்கு ஜூடோவில் ஒரே ஒரு நல்ல இடம் உண்டு. எதிராளியின் முதுகு. பின்னாலிருந்து ஏறி, இரண்டு கால்களையும் அவர் தொடைகளுக்குள் கொக்கி மாதிரிப் போட்டுக்கொண்டால் போதும். அவரால் நம்மைப் பார்க்கவும் முடியாது, பிடிக்கவும் முடியாது. அப்புறம் கழுத்தை வளைத்து இறுக்க வேண்டியதுதான். தாங்க முடியாதவர் கையால் தட்டுவார். தட்டினால் அவர் தோற்றார் என்று அர்த்தம். அந்த நொடியே பிடியை விட்டுவிட வேண்டும்.

எல்லாம் சரி. கழுத்தே இல்லாதவரை என்ன செய்வது?

மடவளை நஸீர் நானாவைத்தான் சொல்கிறேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து தன் குடும்பக் கடைக்கு மூட்டை தூக்கியவர். தலை நேரே தோளில் உட்கார்ந்திருக்கும். எனக்கு அவர் 'நானா', அவருக்கு நான் 'அண்ணே'... இரண்டு பேருக்கும் மற்றவர்தான் மூத்தவர்! வருஷக்கணக்காக அவர்தான் என் ஜோடி. ஒரு தடவைகூட அவரைத் தட்ட வைத்ததில்லை.

என்னென்ன பிடியெல்லாம் போட்டுப் பார்த்தேன் தெரியுமா? முன்கையைத் தாடைக்குக் கீழே நுழைத்தேன். தாடையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட மாதிரி. அவர் உடுப்பின் காலரையே பிடித்துக் கழுத்தைச் சுற்றி இழுத்தேன். தாடிதான் கலைந்தது. கழுத்து போகட்டும், கையை முறுக்குவோம் என்று முழங்கையைப் பிடித்தேன். அந்தக் கையோடு சேர்த்து என்னையும் தூக்கிவிட்டார். ஒருநாள் என்னை முதுகில் சுமந்தபடியே எழுந்து பைப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

"அண்ணே, ஒங்களுக்கும் வேணுமா?"

மானம் போயிற்று. தாகமாகவும் இருந்தது... குடித்தேன்.

வீட்டிலும் ஆராய்ச்சி நடந்தது, தலையணையை வைத்து. "என்னங்க, அத விடுங்க. பஞ்சு பிதுங்குது," என்பாள் மனைவி. புசல்லாவைக்காரி, மனசில் பட்டதைச் சொல்லிவிடுவாள். "நெரிச்சுத்தான் ஆகணும்னா ஒங்க ஆபீசர நெரிங்க. ப்ரமோஷனாவது கெடைக்கும்!"

போன மாதம் நானா ஒரு செய்தி சொன்னார். "அண்ணே, டோஹாவுக்கு விசா வந்திருச்சி. டிரைவர் வேல." கலவரத்தில் அவர் கடையை எரித்துவிட்டார்கள். திரும்பக் கட்டினார். வியாபாரம் எழும்பவில்லை. வேறு என்னதான் செய்வார் மனிதர்? எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. கூடவே இன்னொரு கவலையும் வந்தது — இவரைத் தட்ட வைக்காமலே அனுப்பிவிடுவேனா? பாருங்கள் என் மனசின் லட்சணத்தை!

ஆக, போன சனிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. நான் அவர் முதுகில் ஏறி வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தபோது, அவரைக் கூட்டிப் போக அவருடைய மச்சான் வந்து வாசலில் நின்று சலாம் சொன்னார். அவ்வளவுதான். நானா தலையை நிமிர்த்தினார், நிதானமாகப் பதில் சலாம் சொன்னார், பிறகு தாடையைப் பூட்டிக்கொண்டார்.

"என்ன நானா, மல்லுக்கட்டுறப்பகூடவா?"

"சலாம் சொன்னா பதில் சொல்லாம ஈக்க ஏலுமா அண்ணே?"

ஏலாது. எனக்கு மூளையில் பளிச்சென்றது!

அடுத்த சுற்று. முதுகில் ஏறினேன். கால்களைக் கொக்கி போட்டேன். அவர் காதோரம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "நானா, அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

தலை நிமிர்ந்தது. "வஅலைக்கு..."

என் கை உள்ளே! இருந்தது ஐயா, கழுத்து இருந்தது! சின்னதாக, சூடாக, நிஜமான கழுத்து! இறுக்கினேன். படபடவென்று தட்டினார். விட்டேன். மண்டபமே கூச்சல் போட்டது. மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் இந்த வயதில் எப்படிக் குதித்தேன் என்பதை என் மனைவியிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று வாய் வாழ்த்துகிறது, கை கழுத்தை நெரிக்கிறது. அயோக்கியத்தனம்தான். ஆனால் நம் நாட்டுக்கு இது புதிதா என்ன? பேப்பரைத் திறந்தால் சமாதானம் பேசுகிறவர்கள் எல்லாரும் யாருடைய முதுகிலாவதுதானே உட்கார்ந்திருக்கிறார்கள்! ஒரே வித்தியாசம்... அங்கே தட்டினாலும் விடமாட்டார்கள்.

நானா இருமினார். தொண்டையைத் தடவிக்கொண்டார். கோபித்துக்கொள்வாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மூச்சை இழுத்துக்கொண்டார், கரகரத்த குரலில் நான் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கினார்:

"...முஸ்ஸலாம், வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு."

பிறகு சிரித்தார். "பாதியில உட ஏலாது அண்ணே. ஒங்களுக்குச் சேர வேண்டியது."

நான் குதிப்பதை நிறுத்தினேன். முதல் தடவையாக அவரை முன்பக்கமிருந்து கட்டிப் பிடித்தேன். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இத்தனை வருஷம் தேடி ஒருவழியாகக் கண்டுபிடித்த கழுத்து... நேற்று விமானம் ஏறிப் போய்விட்டது.