கார்பெட்டில் ஊற்றிய உப்புத் தண்ணீர்

திருநகரில் என் மகன் வீட்டுக் கூடத்தில் ஒரு கார்பெட் கிடக்கிறது. சந்தன நிறம். பேத்தி தவழ்ந்த காலத்தில் டைல்ஸ் தரையில் வழுக்கி உதட்டைக் கிழித்துக்கொண்டாள். அதற்காக மருமகள் வாங்கிப் போட்டது. அதன் ஓரத்தில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கிறது. அதில் உள்ள எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. ஒரு வாளிப் படமும் அதன் மேல் குறுக்கே இரண்டு கோடும் மட்டும் தெரியும்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தியை மத்தியானம் பள்ளிக்கூட வேன் கொண்டுவந்து விடும். அப்போதிலிருந்து ஆறு மணி வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் பொய்யில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன். பொங்கி வழிந்து தீ அணைந்து, கூடம் முழுக்க கேஸ் வாடை. நல்லவேளை, மருமகள் அன்று சீக்கிரம் வந்தாள். அவள் திட்டவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டுப் போக எனக்குத் தைரியம் வராது மாமா." வேன் போகும் வழியில் ஒரு காப்பகம் இருக்கிறது. சாயங்காலம் வரை பிள்ளைகளை வைத்துக்கொள்வார்களாம். அதை மகன் வேறு எதையோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனான்.

பங்குனியில் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் மயில் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். அட்டை, பசை, சுருக்கம் வைத்த கலர் பேப்பர், எல்லாம் கார்பெட்டில் பரப்பியிருந்தாள். மயிலுக்குக் கத்திரிப்பூ நிறத்தில் கழுத்து வேண்டுமாம். பேப்பரைக் கிழித்து டம்ளர்த் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். எனக்குக் கண் சொக்கியது. சத்தம் கேட்டு விழித்தால் டம்ளர் உருண்டு கிடக்கிறது. ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குக் கத்திரிப்பூ நிறம்.

அவள் அழவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ, அதைப் பார்த்த பிறகுதான் அழுதாள்.

கறை எனக்குப் புதிதில்லை. வைகைத் தென்கரையில் ஒரு சாயப் பட்டறையில் நாற்பது வருஷம் நின்றவன் நான். ஒரு கையில் சிவப்பு, ஒரு கையில் பச்சை என்றுதான் என் கல்யாணத்துக்கே போனேன். என் மாமனார் முகூர்த்தத்தன்று என் நகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதும் சீக்கா என்று கேட்டாராம். அது கிடக்கட்டும். எழுந்தேன், அடுப்பைப் பற்றவைத்தேன், தண்ணீரைக் கொதிக்கவைத்தேன், இரண்டு கை கல்லுப்பு அள்ளிப் போட்டேன். துண்டால் பாத்திரத்தைப் பிடித்து வந்து கறையின் மேல் ஊற்றினேன்.

ஊற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. உப்பும் சூடும் பட்டறையில் சாயம் போகாமல் நிற்பதற்குப் போடுவது. நாற்பது வருஷம் செய்ததைக் கை என்னைக் கேட்காமலே செய்துவிட்டது. துண்டை வைத்து ஒற்றினால் துண்டில் வெறும் ஈரம்தான் வந்தது. நிறம் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டது.

பயம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி ஒரே பக்கம்தான் ஓடும். சாயம் தப்பிப்போனால் பட்டறையில் ஒரு வெள்ளைப் பொடி போட்டு நிறத்தை உரிப்போம். கீழவாசல் பக்கம் ஒரு கடையில் அது கிடைக்கும். பஸ் ஏறினால் ஆறு மணிக்குள் திரும்பிவிடலாம். பிள்ளையைக் கூட்டிப் போனால் சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிடுவாள். அதனால் டிவியைப் போட்டு அவளை உட்காரவைத்தேன்.

"தாத்தா இந்தா வந்துர்றேன் தாயி. யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாது, என்ன?"

வெளியே பூட்டிக்கொண்டு நடந்தேன். ஐந்து வயதுப் பிள்ளை உள்ளே.

மூன்றாவது ஸ்டாப் என்று பேர் கொண்ட எங்கள் நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். பக்கத்து டீக்கடையில் ஸ்டவ் உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேனா? உப்பை அள்ளியது நினைவிருக்கிறது, துண்டு சுட்டது நினைவிருக்கிறது. அதற்கு நடுவில் குமிழைத் திருகிய கை மட்டும் நினைவில் இல்லை.

"பெருசு, ஏறுறீங்களா எறங்குறீங்களா?" என்றார் கண்டக்டர்.

ஓடினேன். ஓட்டம் என்று சொல்லக் கூடாது. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எம்புட்டு ஓட முடியுமோ அம்புட்டு. செருப்பு ஒன்று வழியில் கழன்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் புகை இருக்கிற மாதிரியே இருந்தது. கதவுக்கு முன்னால் நின்று பேத்தியைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டேன். டிவிச் சத்தம் மட்டும் கேட்டது. சாவித் துவாரத்தில் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். என் வேர்வை வாடைதான் வந்தது. சாவி துவாரத்துக்குள் போக மாட்டேன் என்றது.

கடைசியில் திறந்தபோது கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரலெல்லாம் கத்திரிப்பூ நிறம்.

"யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னீங்கள்ல" என்றாள்.

அடுப்படிக்குப் போனேன். அடுப்பு அணைந்திருந்தது. குமிழ் சரியாகத் திருகியிருந்தது. அணைத்தது நான்தான். அணைத்தவனுக்கு அது தெரியவில்லை. எரிந்துகொண்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து என் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

மருமகள் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாதே என்று பிள்ளையிடம் சொல்லி மறைத்திருக்கலாம். பிள்ளை அந்தக் கையால் இன்னொரு தடவை வாயைப் பொத்துவதை என்னால் பார்க்க முடியாது. கறையைப் பற்றிச் சொன்னபோது மருமகள் முகம் மாறவில்லை. பூட்டிவிட்டுப் போனேன் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வெளிய பூட்டிட்டா போனீங்க?"

"ஆமாத்தா."

அவள் கார்பெட் பக்கம் போய் உட்கார்ந்தாள். சூடு காட்டாத பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. துணியில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறியது. நான் உப்புத் தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் முழுக்கப் போயிருக்கும். உள்ளங்கை அளவுக்கு ஒரு நிழல் நின்றுவிட்டது. துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "இது கெடந்துட்டுப் போகட்டும் மாமா. பிள்ள உள்ள இருக்கையில பூட்டுனீங்கன்னா, அத மட்டும் என்னால தாங்க முடியாது."

மறுநாளிலிருந்து சாவி ஆணியில் தொங்கவில்லை. எதிர்வீட்டு அம்மா மத்தியானம் கீரையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்து ஆய்கிறார். மருமகள் போகும்போது சிலிண்டரை மூடிவிட்டுப் போகிறாள். பால் பிளாஸ்க்கில் இருக்கிறது. காப்பகத்துக்கு அனுப்பவில்லை. இப்போதைக்கு அனுப்பவில்லை.

சிலிண்டர் மூடியிருப்பது தெரிந்தும் அடுப்பைப் பார்க்க எழுந்து போகிறேன். பேத்தி எனக்கு முன்னால் ஓடிப்போய்க் குமிழைத் தொட்டுப் பார்க்கிறாள்.

"ஆஃப்தான் தாத்தா. இப்பத்தான் பாத்துட்டுப் போனீங்க."

பார்த்துவிட்டுப் போனது எனக்கு நினைவில்லை. ஆமாம் தாயி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, அந்தக் கத்திரிப்பூ நிழல் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.